காரைக்காலில் ஒரு சோல் பேண்டு

சாக்ஸபோன் ஊத நிறைய மூச்சு வேண்டும்; ஊதி முடித்த பிறகு நாலு பேர் சொல்வதைக் கேட்க அதைவிட நிறைய வேண்டும்.

காரைக்கால் தலத்தெருவில் இருபது வருடமாக ஏழு பேர் பேண்டு ஒன்றை நடத்துகிறேன். என் உயிர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசை. கோயில் பாட்டும் காதல் ஏக்கமும் கலந்து நெஞ்சைப் பிழிகிற சங்கதி. ஊர் கேட்பதோ சினிமாப் பாட்டு. ஐந்து சினிமாப் பாட்டுக்கு நடுவே ஒரு சோல் பாட்டை நைசாக நுழைத்துவிடுவேன். யாரும் கேட்காத ஒன்றைக் கட்டிக்கொண்டு அழும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதெல்லாம்.

கெட்டிமேளம்

நெரவியில் ஒரு கல்யாணம். பந்தி நேரத்தில் பாட்டு வாசிப்பது மட்டும்தான் எங்கள் வேலை. நாதஸ்வரக்காரர்கள் வந்த வேன் வழியிலேயே நின்றுவிட்டது. நேரம் தவறுகிறதென்று புரோகிதர் கத்த, பெண்ணின் அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மணவறை முன்னால் நிறுத்தினார். “கெட்டிமேளம்!” என்றார்கள். டிரம்ஸ்காரர் வெளுத்து வாங்கினார். நான் அடிவயிற்றிலிருந்து ஊதினேன். மாப்பிள்ளை பதறிப்போய் மூன்று முடிச்சையும் ஒரே மூச்சில் போட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பந்தியில் பெண்ணின் பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா தாலி கட்டுன மாதிரி இல்ல, ரயிலு கெளம்புன மாதிரி இருந்துச்சு.”

ஏலம்

பக்கத்து வீடுகளிலிருந்து புகார் வந்ததால், காலையில் காரைக்கால்மேடு கடற்கரைக்குப் போய்ப் பயிற்சி செய்வேன். ஒருநாள், பிரிந்துபோன காதலியை நினைத்து உருகும் பாட்டு ஒன்றை முழுசாக வாசித்துவிட்டுத் திரும்பினால், இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள். ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். இத்தனை வருடம் நான் ஏங்கிய கூட்டம்!

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மீன் ஏலம் விடுகிற அக்கா வந்தார். “அண்ணே, அழுவுறதா இருந்தா ஏலம் முடிஞ்சப்புறம் அழுவுங்க. ஏலங் கேக்க வந்த ஆளெல்லாம் இங்க நிக்கிது, மீனு அங்க காயுது.”

பல்

போன வருடம் மேல்வரிசை முன்பல் இரண்டும் ஆடின. சாக்ஸின் வாய்ப்பகுதியை அந்தப் பற்களில்தான் ஊன்றிப் பிடிக்க வேண்டும். டாக்டர் இரண்டையும் பிடுங்கிவிட்டு, புதுப்பல் கட்ட மூன்று மாதம் ஆகும் என்றார். இனி அவ்வளவுதான் என்று பெட்டியைப் பூட்டி, சாவியை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

பேண்டு நிற்கவில்லை. கீபோர்டுக்காரர் ஏதோ பொத்தானை அமுக்கிச் சாக்ஸ் சத்தம் வரவைத்துக்கொண்டார். நான் இல்லாத முதல் கல்யாணம் முடிந்ததும் போன் போட்டு, “என்னைய யாராச்சும் கேட்டாங்களா?” என்றேன்.

“யாரும் கேக்கல மாஸ்டர். ‘இன்னைக்கு சாக்ஸு ரொம்ப சுத்தமா இருந்துச்சு’ன்னு மட்டும் ஒருத்தரு சொன்னாரு.”

முன்வரிசை

புதுப்பல்லோடு ஏறிய முதல் மேடை, மாதா கோயில் திருவிழா. முதல் சுரமே ஆடு கத்துவது போல வந்தது. கூட்டம் சிரித்தது. இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். முன்வரிசையில் ‘முசியே’ இருந்தார்; பிரெஞ்சில் ‘ஐயா’, ஊர் அவரை அப்படித்தான் கூப்பிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு வருடமாக என் கச்சேரி ஒன்றையும் விட்டதில்லை. சோல் பாட்டு வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அன்று என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வாசித்தேன்.

அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, சவப்பெட்டி பக்கத்தில் நின்று அன்று வாசித்த அதே சோல் பாட்டை வாசித்தேன். “ஊருல சோல் புரிஞ்ச ஒரே மனுஷன் போயிட்டாருங்க” என்றேன் அவர் மனைவியிடம்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “புரியுறதாவது மாஸ்டர்! அவருக்குப் பத்து வருசமா ரெண்டு காதும் கேக்காது. ‘இந்த ஆளு வாசிக்கிறப்ப மொகத்தப் பாத்தா மனசுக்கு நல்லாருக்கு’ம்பாரு, அதுக்குத்தான் வருவாரு.”

ஆக, இருபது வருட இசைப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டது, மேடை ஏறும் முன் சாக்ஸைத் துடைக்கிறோமோ இல்லையோ, முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்பதுதான்.