சைகஸ் கூம்புக்கு வைத்த குங்குமம்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு விடுதியில் தோட்ட வேலை பார்க்கிறேன். வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சைகஸ் செடிகள். பார்வைக்குக் குட்டி ஈச்சமரம் மாதிரி இருக்கும். அவற்றில் ஒன்றில் எப்போதாவது சிவப்பு விதைகள் வரும். ஒவ்வொரு முறையும் ஊன்றுவேன். ஒன்றும் முளைக்காது. என் கைராசி அப்படி என்று விட்டுவிட்டேன்.

ஒருமுறை, செடிகளைப் பற்றிப் படித்த அம்மா ஒருவர் வந்து தங்கினார். உலகத்தில் பூ என்று ஒன்று வருவதற்கு முன்பே இந்த வகை இருந்ததாம். இதே சாடையில் இலைகள் பாறைகளில் பதிந்து கிடக்கின்றனவாம். இதற்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. விதை எந்த மூடலும் இல்லாமல் இலையோரத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கும். விதை வராத மற்றதுதான் ஆண் செடி, அதன் மகரந்தத் தூள் சேராததால்தான் விதை உள்ளே காலி என்றார். இரண்டும் ஒரே சமயத்தில் தயாரானால் தூளைக் கொண்டுபோய்த் தூவச் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து அப்படி அமைந்தது. ஆண் செடியின் நடுவில் முழ உயரத்துக்குக் கூம்பு எழும்பியது. எங்கள் ஊரில் அப்படி எது நிமிர்ந்து நின்றாலும் லிங்கம்தான். சமையல்கார அக்கா பட்டை போட்டுக் குங்குமம் வைத்தார். கிரிவலம் போகிறவர்களும் நின்று கும்பிட்டார்கள். பிரதோஷத்தன்று அக்கா ஒரு சொம்புப் பாலோடு வந்தார்.

பால் பட்டால் தூள் வீணாகிவிடும், கூம்பும் அழுகும். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத நான், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குறுக்கே போய் நின்றேன்.

"ஊத்தாதீங்கக்கா. இது ஆம்பளச் செடி. இதோட தூள் போனாதான் அதுல விதை புடிக்கும்" என்று எதிரில் இருந்த செடியைக் காட்டினேன்.

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தினி வருசமா எதிர எதிர நின்னுக்கினு ஒண்ணும் பேசிக்கலையா? உன்னாட்டமே வாயில்லாப் பூச்சிங்க."

கன்னத்தில் போட்டுக்கொண்டு பாலைத் திரும்ப எடுத்துப் போனார். மதியம் எல்லோருக்கும் பாயசம்.

கூம்பு விரிந்த அன்று செய்தித்தாளில் தூளைத் தட்டி எடுத்து எதிர்ச்செடியில் தூவினேன். காற்று அடிக்காமல் அக்கா முந்தானையால் மறைத்துக்கொண்டார்.

மாதங்கள் கழித்து விதைகளைத் தோலுரித்து வாளித் தண்ணீரில் போட்டோம். மிதந்தால் காலி. முதல் விதை மிதந்தது. இரண்டாவது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னும் சில.

மணல் தொட்டியில் ஊன்றியிருக்கிறேன். முளை வர நாளாகும். தொட்டிக்கு வெயில் குறைந்த இடம் வேண்டும் என்று முதலாளியிடம் நானே போய்க் கேட்டு வாங்கினேன்.