கைப்பட்டைக்கு வைத்த பொட்டு

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ஊர் காஜா பேராங்கில் ஊர்க்காவல் தொண்டர் படை என்று ஒன்று இருந்தது. தொண்டர் என்றதும் தானாக முன்வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு ஓர் ஆம்பிளை போக வேண்டும். போகாவிட்டால் அவர்களே வந்து அழைத்துப் போவார்கள். அதற்கு முன் வெள்ளைக்காரன் வைத்திருந்த தொண்டர் படைக்கு பூட்ஸ், தொப்பி, பித்தளைச் சின்னம் எல்லாம் உண்டு. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் அந்தச் சின்னங்கள் கிணற்றுக்குள் போயின. புதுப் படைக்குக் கிடைத்தது ஒரு தடியும் வெள்ளைத் துணியில் ஒரு கைப்பட்டையும்தான். பட்டையின் ஓரத்தில் கறுப்பு மையில் ஏதோ ஜப்பானிய எழுத்து. என்ன எழுத்து என்று படைக்கே தெரியாது.

என் வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்தபோது நான் புதுப்பெண். புதுச் சாமான் எதற்கும் செய்வதை இதற்கும் செய்தேன். சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டு, தேங்காயெண்ணெயில் குழைத்த குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தேன். சைக்கிளுக்கு வைத்தோம், அரிவாள்மனைக்கு வைத்தோம், இதற்கு மட்டும் என்ன குறை?

வெயிலில் எண்ணெய் இளகி, பொட்டு எலுமிச்சம்பழ அளவுக்குப் பரவிவிட்டது. வெள்ளைத் துணி, சிவப்பு வட்டம். தெங்கேராவுக்குப் போகும் சாலை முனையில் தடியோடு நின்றவரைப் பார்த்து ஊரே குனிந்தது. சீனத் தவுக்கே ஒருவர், பெரிய கடை முதலாளி, சைக்கிளை விட்டிறங்கி வணங்கினாராம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் தண்ணீர் கேட்ட தோரணையே வேறு.

அந்த வாரமே ஜப்பானிய அதிகாரி படையைப் பார்வையிட வந்தான். சற்று நேரத்தில், அதே படையிலிருந்த பக்கத்து வீட்டுக்காரர் காவலைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"தங்கச்சி, அவரு பட்டையப் புடிச்சுக்கிட்டுக் கத்துறான்! கொடிய கேலி பண்றாருன்னு நெனைக்கிறான் போல. லோரியில ஏத்திருவான்லா!"

லோரியில் ஏறியவர்கள் திரும்பியதில்லை. சாமி படத்தின் முன் உட்கார்ந்து, வேண்டிக்கொண்ட வாயாலேயே சாமியைத் திட்டினேன்.

பொழுது சாயும்போது அவர் நடந்தே வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"எதுக்குங்க அடிச்சான்?"

"பொட்டு நடுவுல இல்லையாம். அவன் கொடியில சூரியன் நடுவுலதான் இருக்குமாம்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரவே துவைத்துக் காயவைத்த பட்டையை மறுநாள் காலையில் நான்காக மடித்துப் பிரித்து, மடிப்புகள் சேரும் இடத்தில் பொட்டு வைத்தேன்.

"நடுவுலதானே இருக்கு? நல்லா பாரு," என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனார்.

சாமிக்கு வைத்த பொட்டை அவனுக்காக அளந்து வைக்க வேண்டியிருந்ததில் எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் இவர் வீடு திரும்பினால் போதும், எத்தனை சூரியன் வேண்டுமானாலும் வைப்பேன்.