மூன்றாவது நிறுத்தம்

காசில்தா ஆட்டத்தை நிறுத்தி விசிறியை விரித்தாள். சதுக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த அத்தனை ஜோடிகளும் அதேபோல் நின்றுவிட்டன. ஆண்கள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நாங்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தோம்.

தன்சோன் என்கிற இந்த ஜோடி ஆட்டத்தில் பல்லவி திரும்பி வரும்போது யாரும் ஆடக் கூடாது. நின்று மூச்சு வாங்க வேண்டும். பல்லவி முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் காலெடுக்க வேண்டும். ஆடும்போது பேச்சு கிடையாது. பேச்செல்லாம் நிற்கும்போதுதான். நான் வாத்தியக் குழுவில் சுரைக்குடுவை சுரண்டுகிறவன். முன்வரிசை. காது நன்றாகக் கேட்கும்.

"முடிவெட்டறவன் சொன்னான்," என்றார் எர்மிலோ. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமைகளில் அவளுடைய ஜோடி.

"அவன் எதைத்தான் சொல்லல?"

"நீங்க மான்டெரேக்கு மக வீட்டோட போறீங்களாமே. நாளைக்கு மருமகன் வண்டியோட வர்றாராம்."

"ஆமா."

"அதை நான் அந்தக் கத்திரிக்காரன்கிட்டதான் கேட்டுக்கணுமா, தோன்யா காசில்தா?"

பல்லவி முடிந்தது. காலெடுத்தார்கள்.

அவர்கள் ஆடி முடிப்பதற்குள் அவளைப் பற்றிச் சொல்லிவிடலாம். காசில்தாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஓட்டல்காரர்களின் சட்டைகளை வீட்டில் வைத்துத் தேய்த்துக் கொடுக்கிறாள். புருஷன் கப்பலில் போனான். அடுத்த வருஷம் கப்பல் திரும்பி வந்தது. தேய்ப்பதிலும் அவளுக்குத் தன்சோன் சட்டம்தான். சட்டையின் ஒரு கையை முடித்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜன்னலில் போய் நிற்பாள். எதிர்வீட்டுக் கிளியை இரண்டு வார்த்தை திட்டுவாள். அது மூன்று திட்டும். அப்புறம் அடுத்த கை.

எங்கள் துறைமுக ஊரான வெராக்ரூஸின் காப்பிக்கடைகளில் பால் வேண்டுமென்றால் கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டுவோம். ஆள் கெண்டியோடு வருவார். தனியாக இருக்கும் வீட்டிலும் காசில்தா தட்டுவாள். தட்டிவிட்டு, "இதோ வந்துட்டேம்மா" என்று தானே எழுந்துபோய் ஊற்றிக்கொள்வாள்.

மகள் யதீராவுக்கு இதெல்லாம் பயமாக இருந்தது. "தனியா இருந்து இருந்து உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சும்மா" என்று போன வாரம் போனில் அழுதாள். அழுகையைக் கேட்டதும் காசில்தா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆட்டத்தில் தப்பே செய்யாதவள். போனில் செய்வாள்.

மறுபடி பல்லவி. மறுபடி விசிறி.

"யதீரா கஷ்டப்படுதா?"

"நல்லா இருக்கா. நான் கஷ்டப்படறேன்னு அவ கஷ்டப்படறா."

"படறீங்களா?"

"வியாழக்கிழமை கேக்கிற கேள்வியா இது?"

விசிறி படக்கென்று மூடியது. அடுத்த சரணம் நீளம். எர்மிலோவின் முகம் இழுவைக் கயிறு அறுந்துபோனதுபோல் இருந்தது. டிரம்பெட் ஊதும் சிரோ என்னைப் பார்த்தான். அவனுக்கும் காது உண்டு.

மூன்றாவது நிறுத்தம். அதுதான் கடைசி.

"அப்ப போகாதீங்க."

"சரின்னு சொல்லித் தொலைச்சிட்டேனே. அவ எனக்குன்னு ரூமுக்குப் பெயின்ட் எல்லாம் அடிச்சு வச்சிருக்கா."

"என்ன கலரு?"

"ரோஸு."

"ரோஸா! உங்களுக்கா?"

"சிரிக்காதீங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல."

எர்மிலோ தொப்பியைக் கழற்றினார். "கட்டிக்கச் சொல்லல, தோன்யா. கூட வரட்டுமான்னும் கேக்கல, அங்க கடல் கிடையாது. வியாழக்கிழமை போதும் எனக்கு. என்ன சொல்றீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். பல்லவி முடியப்போகிறது. முடிந்தால் ஆடத் தொடங்கிவிடுவாள். அப்புறம் கைதட்டல், கூட்டம், வீடு. விடிந்தால் மருமகன்.

சிரோ பல்லவியை மறுபடி முதலிலிருந்து ஊதினான். நானும் சுரண்டினேன். குழுத் தலைவர் எங்களை முறைத்தார், அவளைப் பார்த்தார், பிறகு எங்களோடு சேர்ந்துகொண்டார்.

சதுக்கமே காலெடுத்துவிட்டது. எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜோடிகள் முட்டிக்கொண்டன. தபால் ஆபீஸ் பெர்சியானோ பெண்டாட்டியின் காலை மிதித்தார். "எந்தப் பிணத்துக்குடா வாசிக்கிறீங்க?" என்று அந்த அம்மாள் கத்தினாள்.

காசில்தா நின்ற இடத்திலேயே நின்றாள். பல்லவி போகிறவரை நிற்பவள் அவள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"வெக்கங்கெட்ட பசங்க," என்றாள். "என் வாயைப் பாத்துக்கிட்டிருக்கானுங்க."

பிறகு எர்மிலோவிடம், "போகல. போன்ல எனக்கு இல்லேங்கிற வார்த்தை வராது. நாளைக்கு மருமகன்கிட்ட நேரா சொல்லிடறேன். தொப்பியப் போடுங்க," என்றாள். விசிறியை எங்கள் பக்கம் நீட்டினாள். "பல்லவிய முடிங்கடா."

முடித்தோம்.

மறுநாள் பத்து மணிக்கு மருமகன் வந்தார். மீன் வறுவலும் சோறும் சாப்பிட்டார். காசில்தா வரவில்லை என்று நேராகச் சொன்னதும், பெட்டி எதுவும் கட்டப்படாததைப் பார்த்து யதீராவுக்குப் போன் செய்தார். அவள் அழுதாள். போனைக் காசில்தாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவதாகவும், அதற்குள் அந்த ரோஸ் சுவரை வெள்ளையாக்கும்படியும் அவரையே சொல்லச் சொன்னாள். மூன்று மணிக்கு அவர் காலி வண்டியோடு கிளம்பினார். பிறகு மழை பெய்தது. அவள் எட்டுச் சட்டைகள் தேய்த்தாள்.