குனிமாட்சு தேடிய மறுபாதி

குனிமாட்சுவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் "கல்லுப் பைத்தியம்" என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த மனிதரைப் பற்றிப் பேச இந்த ஷிபுனை ஆற்றங்கரையில் என்னைவிட அருகதை இல்லாதவள் வேறு யாரும் கிடையாது. ஆனாலும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்தவள் நானாயிற்றே.

என் பெயர் ஃபுசாகோ. ஊர் வெந்நீர் ஊற்றுக் குளியல்கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. வாசலில் சீட்டு வாங்குவதும் நான்தான், தொட்டி தேய்ப்பதும் நான்தான். ஆண்கள் பக்கம் கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் கை விட்டுச் சூடு பார்ப்பதும் நான்தான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டதே இல்லை. என் வாய்க்குத்தான் பயப்படுவார்கள்.

குனிமாட்சு அதற்கும் பயப்பட மாட்டார். மூன்று மணி அடித்தால் ஆற்றிலிருந்து நேராக வந்து நிற்பார். முதுகில் பை, இடுப்பில் சுத்தியல், முழங்கால் வரைக்கும் சாம்பல் நிறச் சேறு.

"அண்ணே, கால்ல ஆத்தையே கட்டி இழுத்துட்டு வந்திருக்கீங்களே! தேய்ச்சுக் கழுவிட்டுத் தொட்டியில இறங்குங்க. நேத்து அடியில படிஞ்ச மண்ணை அள்ளினா ஒரு பூந்தொட்டி வைக்கலாம்."

"வையேன். உன் வாய்க்குப் பக்கத்துல பூ ஒண்ணு இருந்தா நல்லாத்தானே இருக்கும்" என்பார்.

பதினைந்து வயதில் மரம் வெட்டப் போனவர். வெட்டிய மரங்களை அளந்து எண் குத்தும் வேலை. ஒரு மரம் உருண்டு இடது கைக் கட்டைவிரலை நசுக்கிவிட்டது. கல்யாணமாகி நாலே வருடத்தில் மனைவி யாசுயே காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தை இல்லை. ஐம்பத்தைந்து வயதில் வன வேலை நின்றபோது மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பிள்ளைகளிடம் போனார்கள். போக இடமில்லாத இவர் ஒரு சுத்தியல் வாங்கினார்.

ஒவ்வொரு வருடமும் பனி உருகும்போது ஆறு கரையை அரித்து உருண்டைக் கற்களைத் தள்ளிவிடும். உடைத்தால் உள்ளே சுருட்டிக்கொண்டு கிடக்கும், கல்லாகிப்போன பழங்காலச் சிப்பிகள். எங்கள் வீடுகளில் கதவு ஆடாமல் இருக்க அண்டக்கொடுப்பதே அந்தக் கற்களைத்தான். குனிமாட்சு மட்டும் ஒவ்வொன்றையும் துடைத்து, கிடைத்த இடம் எழுதி, ஊர் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஆறு வருடத்துக்கு முன்பு அவருக்கு அந்தப் பாதிக் கல் கிடைத்தது. தட்டையாகப் பிளந்த முகத்தில் கறுப்பு மணி கோத்த மாதிரி முதுகெலும்பு. பார்க்க வந்த அருங்காட்சியகத்துப் பெண் சயோரி ஆற்றங்கரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

அந்த வருட நவம்பரில் ஒரு நாள் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் ஓய்வறை மேசையில் வைத்தார்.

"மறுபாதி கிடைச்சா தலை அதுலதான் இருக்குமாம். தலை இருந்தா இது என்ன பிராணின்னு சொல்லிடலாமாம். இதுவரை யாரும் பார்க்காததா இருந்தா என் பேரையே வைப்பாங்களாம், ஃபுசா!"

"உங்க பேரா? பாவம் அந்தப் பிராணி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு மெதுவாக, "எனக்கப்புறம் அந்தப் பேரைச் சொல்ல ஒரு ஜீவன் இல்ல. எட்டுக் கோடி வருஷத்துப் பிராணியாவது சொல்லிட்டுப் போகட்டுமே" என்றார்.

நான் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தேன். அதன் மறுபாதி என் வீட்டில் இருந்தது.

எப்போதோ என் வீட்டுக்காரர் ஆற்றிலிருந்து தூக்கி வந்த கல். ஒரு பக்கம் தட்டை, நல்ல கனம். முட்டைக்கோஸும் முள்ளங்கியும் காய்ந்த மீனும் அடுக்கி உப்பும் புளித்த அரிசியும் போட்டு மூடினால், பீப்பாயின் மரமூடிமேல் பாரம் வைக்க அதைப்போல ஒரு கல் கிடையாது. தட்டை முகம் மேலே பார்த்தபடி இருக்கும். அதில் கறுப்பு மணி வரிசையும் ஓரத்தில் பொடிப்பொடியாகப் பற்களும். கல்லின் கோலம் என்று நினைத்துக்கொண்டு வருடாவருடம் ஈரத்துணியால் துடைத்து வைத்தவள் நான்.

அன்றைக்கே, அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். இந்தப் பாழாய்ப்போன வாய் எதற்கெல்லாம் திறக்கிறது! ஆனால் அந்த வருட ஊறுகாய்க்குப் பாரம் ஏற்றி எட்டே நாள் ஆகியிருந்தது. பாரத்தை எடுத்தால் காய் தண்ணீர் விடாது, பீப்பாய் முழுக்க நாறிப்போகும். ஏப்ரலில் காலியானதும் கொடுத்தால் போச்சு, எட்டுக் கோடி வருடம் கிடந்த கல் ஐந்து மாதம் கிடக்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. அன்று காலையில்தான் குனிமாட்சு விட்டுப்போன சேற்றைத் தேய்த்து என் இடுப்பு ஒடிந்திருந்தது. கொஞ்ச நாள் தேடட்டுமே என்று ஒரு சின்ன வன்மம். அதையும் மறைக்கப்போவதில்லை.

குளிர்காலத்தில் என் கூரைப் பனியைத் தள்ளிக் கொடுக்க வருபவர் அவர்தான். கூலி வாங்க மாட்டார், ஊறுகாய் மட்டும் கேட்பார். பீப்பாய் இருக்கும் கொட்டகைக்குள் வந்தால் கல் கண்ணில் பட்டுவிடுமே என்று, அன்று வீட்டுக்குப் போனதும் அதைப் புரட்டி, முகத்தைக் கீழே பார்க்க வைத்தேன்.

டிசம்பரில் புளிப்புத் தண்ணீர் மரமூடிக்கு மேலே ஏறிவந்தது. கொட்டகையில் இரவெல்லாம் உறையும், பகலில் இளகும். ஏப்ரலில் கல்லைத் தூக்கித் திருப்பினேன். முகம் ஊறிப்போன பிஸ்கோத்தாக இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. பல் இல்லை, மணி இல்லை, வெறும் குழிகள். பீப்பாயின் அடியில் கறுப்பாக ஏதோ வண்டல். கொட்டகைத் தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து அந்தக் கல்லை விறகுக்குப் பின்னால் தள்ளி மறைத்தேன்.

அதற்குப்பின் ஐந்து வருடம் அவர் தேடினார். மூன்று மணிக்கு முழங்கால் நீலம் பாரித்து வந்து நிற்பார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான் எனக்கு. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. சேற்றைப் பற்றிப் பேசுவதை விட்டேன். குளித்து வந்தால் ஒரு புட்டி குளிர்ந்த பால் கையில் கொடுப்பேன்.

"என்னாச்சு ஃபுசா? திட்டவே மாட்டேங்கறே. டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். பால் கொடுத்தா பாவத்தைக் கழுவ முடியும்? தூ!

இந்த வருடம் அவருக்கு எழுபத்தொன்பது. மே மாதம் வெள்ளத்தில் கால் தடுமாறி விழுந்தவரைத் தீயணைப்புக்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். மூன்றாம் நாளே குளியல்கூடத்துக்கு வந்து, "கீழ எல்லாம் பார்த்தாச்சு. இனி மேலதான் இருக்கணும். திங்கட்கிழமை பள்ளத்தாக்குக்குள்ள ஏறப்போறேன்" என்றார். இளவட்டங்களே கயிறு கட்டிக்கொண்டு போகிற இடம். என் விறகுக்குப் பின்னால் கிடக்கிற கல்லுக்காக இந்த மனிதர் அங்கே போய்ச் சாகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஓய்வறையில் வைத்தேன். அவர் வந்ததும் தரையில் நெற்றி பட விழுந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து உடைந்த விளிம்பை உள்ளங்கையால் தடவினார். ஆறு வருடமாகத் தன்னிடமிருந்த பாதியைத் தடவிய கை. "இதேதான்" என்றார். பிறகு நசுங்கிய கட்டைவிரலை ஒவ்வொரு குழியிலும் வைத்து வைத்து எடுத்தார்.

"நான் காட்டின அன்னிக்கு முகம் இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"பல்லு?"

"எல்லாமே இருந்துச்சு."

"அந்த வருஷ ஊறுகாயை மூணு டப்பா தின்னேனே நான்" என்று சிரிக்கத் தொடங்கினார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"ஏன் ஃபுசா சொல்லல?"

இந்தக் கேள்விக்காக நான் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். செத்துப்போன புருஷனின் ஞாபகம், பயம், வெட்கம் என்று. வாயில் உண்மை மட்டும்தான் வந்தது.

"பாரம் வைக்க எனக்கு வேற கல் இல்லண்ணே."

அவர் என்னையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். கோபமே இல்லை, புரியாத முகம்.

"அட, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே கொண்டாந்து குடுத்திருப்பேனே" என்றார். "ஆத்துல கல்லுக்கா பஞ்சம்?"