கம்பியில் தொங்கிய நீலச் சட்டை

நான்கு நாள் தூறல். நான்கு நாளும் அந்த நீலச் சட்டை வாசல் கம்பியிலேயே தொங்கியது.

கேமரன் மலையில் தூறலில் யாராவது துணி காயப்போடுவார்களா? அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தானே உலர்த்துவோம்! ஐந்தாம் நாளும் தூறவே, பொறுக்க முடியவில்லை. வேலியோரம் நின்று கேட்டேன்.

"திவ்யா, அப்பா சட்டை நனையுதேம்மா?"

"இருக்கட்டும் தாத்தா."

"அப்பா எங்க?"

"தூங்குறாரு லா. சத்தம் போடாதீங்க."

வாசலில் செருப்புகளை எண்ணினேன். மூன்று ஜோடி. மூன்றும் சின்னவை.

திவ்யாவுக்குப் பதினான்கு வயது. அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். இந்த எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்த அம்மா இறந்து எட்டு மாதம். அப்பா பிரிஞ்சாங் காய்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டு பிள்ளைகளோடு இருக்கிறார் என்று நினைத்துத்தான் எஸ்டேட் ஆபீஸ் இன்னும் வீட்டைத் திரும்பக் கேட்கவில்லை.

நான் முப்பத்தோரு வருடம் இங்கே கிராணியாக ஆள்கணக்கு எழுதியவன். ஆள் குறைந்தால் ஆபீஸில் சொல்லியே பழக்கம். அப்பா வீட்டில் இல்லை என்று சொன்னேன். உதவி வரும் என்று நம்பித்தான் சொன்னேன் — சத்தியமாக.

வந்தது... வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம். பின்னாலேயே ஒரு வேன். தங்கைகள் இருவரும் கீழே டவுனில் ஏதோ விடுதிக்கு. திவ்யா ரிங்லெட்டில் அத்தை வீட்டுக்கு. அங்கே ஒருத்திக்குத்தான் இடமாம்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள யாரு கேட்டா கிராணி ஐயா? அந்தாளு ஓடிப்போயி மூணு மாசமாச்சு. தெனம் காலைல 'அண்ணே, வேலைக்குக் கெளம்பிட்டீங்களா'னு அந்தாளு இல்லாத வீட்டப் பாத்துக் கத்துறேனே... எனக்கென்ன பைத்தியமா?"

சட்டை, அந்த வழியாகப் போகும் ஆபீஸ் ஜீப்பின் கண்ணில் படுவதற்காக. கத்தலும் அதற்காகத்தான்.

எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. அவர்கள் வீட்டையும் என் வீட்டையும் கழித்தால் பத்து. பத்துக்கும் தெரியும். குழம்பு கொடுத்தார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். படித்தவன் நான் ஒருவன்தான் வாயைத் திறந்தேன்.

வீட்டில் ஒரு பெரியவர் இருக்க வேண்டுமாம். சரி... தங்கைகளுக்குச் சோறு பொங்கி, தலை பின்னி, ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறிப் போனவள் யார்? சின்னப் பிள்ளையாம்! விட்டுவிட்டு ஓடியவன் பெரியவனாம்!

வேன் வந்த அன்று திவ்யா அந்த ஈரச் சட்டையைக் கம்பியிலிருந்து எடுத்துப் பிழிந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எல்லாத்தையும் எண்ணுவீங்களே தாத்தா... அம்மா செத்த பெறகு எங்க வீட்டுக்கு எத்தன தடவ வந்தீங்க?"

ஒரே தடவை. அதுவும் வேலிக்கு வெளியே.