அண்டா அக்காவும் டாக்கோ சாலட்டும்

அந்தச் சலவை ஆலையில் நூற்றுப் பத்துப் பேர் வேலை செய்தார்கள். அத்தனை பேரும் அண்டா அக்காவுக்குப் பயந்தார்கள். மேனேஜரம்மா மட்டும் என்ன, சாப்பாட்டுக்கூடத்துக்குள் வந்தால் அவரும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். "பசிக்கு முன்னாடி பதவி எல்லாம் கிடையாது, பின்னாடி போங்க" என்று அவரிடமே சொன்னவள் அக்கா.

பாத்திரம் கழுவத்தான் வந்தாள், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். ஒரு நாள் அப்போதைய சமையல்காரர் யாரோடோ சண்டை போட்டுக் கரண்டியை விட்டெறிந்துவிட்டுப் போய்விட்டார். அடுப்பில் குழம்பு பாதி வெந்து கிடக்கிறது, வெளியே ஆட்கள் பசியோடு நிற்கிறார்கள். இவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். எடுத்ததுதான், அப்புறம் கீழே வைக்கவே இல்லை. ஆள் கட்டை குட்டை, அண்டாவோ அவள் நெஞ்சுயரம். முக்காலி போட்டு ஏறி நின்று கிண்டுவாள். பேர் அப்படி வந்ததுதான்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகிறபோது சும்மா போகாமல் மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டது, பாவி. வெங்காயம் அடுப்பில் கருகிப் புகைகிறது, அக்கா பக்கத்திலேயே நின்று கேரட் சீவிக்கொண்டிருக்கிறாள். காய் நறுக்குகிற பெண் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். டாக்டர், "திரும்பி வரலாம், நாளாகலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார். இதைச் சொல்வதற்கு டாக்டர் எதற்கு என்று அக்கா முனகிக்கொண்டே வந்தாள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. ருசி தெரியாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? வழக்கமான சமையலை அவள் கையே செய்துவிட்டது. உப்புக்கு எத்தனை பிடி, மிளகாய்த்தூளுக்கு எத்தனை கரண்டி என்று கைக்கு அத்துப்படி. தட்டுகள் வந்தன, போயின. அக்கா கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மேனேஜரம்மா ஒரு காகிதத்தை நீட்டினார்.

"அக்கா, வெயில் காலம். நீராவியிலயும் இஸ்திரிச் சூட்டிலயும் வெந்துட்டு வர்றவங்க, கொதிக்கக் கொதிக்க குழம்பைப் பார்த்தா ஓடறாங்க. பாதித் தட்டு குப்பைக்குப் போகுது. சில்லுன்னு ஏதாவது வேணும், ஆனா வயிறும் நிறையணும். இது டாக்கோ சாலட். வர்ற வெள்ளிக்கிழமை செஞ்சு பாருங்க."

"சாலட்டா? இலையும் தழையுமா? இங்க வேலை செய்யறது ஆளுங்களா, ஆடுங்களா?"

"கொத்துக்கறி இருக்கு, பீன்ஸ் இருக்கு, மக்காச்சோளம் இருக்கு, சீஸ் இருக்கு. மேல போட சோளச் சிப்ஸ். மேல ஊத்திக் கலக்கற டிரெஸ்ஸிங்கும் நீங்களே செய்யணும், கடை பாட்டில் வேண்டாம்." மேனேஜரம்மா குரலைத் தாழ்த்தினார். "தலைமை ஆபீஸ்ல வெளியிலேர்ந்து பொட்டலச் சாப்பாடு வரவழைக்கலாம்னு நெருக்கறாங்க. அப்படி ஆச்சுன்னா இந்த அடுப்பே வேண்டாம். வெள்ளிக்கிழமை எல்லாரும் சாப்பிட்டுட்டா, நான் அவங்களோட பேசிக்கறேன்."

அக்கா காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பழைய சமையல் என்றால் கை பார்த்துக்கொள்ளும். இதுவோ பிறந்ததிலிருந்து செய்யாத பண்டம். கறியையும் பீன்ஸையும் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். தயிர், எலுமிச்சை, எண்ணெய், பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், தேன், கொத்தமல்லித்தழை என்று எட்டுச் சாமான் சேர்த்து அடிக்கிற அந்த டிரெஸ்ஸிங்குக்கு நாக்கு இல்லாமல் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு கிண்ணத்தில் அடித்துப் பார்த்தாள். பஸ் ஓட்டும் புருஷன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். ஒரு ஸ்பூனை அவர் வாயருகே நீட்டினாள்.

"நல்லாயிருக்கு."

இன்னும் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து நீட்டினாள். நல்லாயிருக்கு. தேன் விட்டாள். அதுவும் நல்லாயிருக்கு. அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் பார்க்காதபோது மூன்று ஸ்பூன் உப்பை அள்ளிப் போட்டு, கலக்கி, நீட்டினாள். மனுஷன் விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது. காது சிவந்தது.

"நல்லா... நல்லாயிருக்கு."

"அட கடவுளே! மூணு ஸ்பூன் உப்பு போட்டிருக்கேன். உங்க வாயில வேற வார்த்தையே கிடையாதா?"

அவர் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணமான புதுசுல ஒரு தடவை 'உப்பு கம்மி'ன்னேன். மூணு நாள் நீ பேசல. நாலாம் நாள்லேர்ந்து எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

அக்கா சிரிக்கத்தான் போனாள், அழுகை வந்துவிட்டது. இரண்டு மாசமாக நெஞ்சில் அடைத்து வைத்ததை எல்லாம் கொட்டினாள். மூக்கு போனது, நாக்கு போனது, வெள்ளிக்கிழமை, பொட்டலம், எல்லாம். புருஷன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"லூசு. என்கிட்டயுமா மறைப்ப?" என்றார். "என் நாக்கு உனக்கு உதவாது. அதை நீ என்னைக்கோ அடக்கி வெச்சுட்ட. உனக்குப் பயப்படாம மூஞ்சிக்கு நேரா குறை சொல்ற ஆள் ஒருத்தர்கூடவா உங்க ஆலையில இல்ல?"

இருந்தார், ஒரே ஒருவர். இஸ்திரிப் பிரிவில் பெரிய உருளை இயந்திரத்தில் படுக்கை விரிப்பு தள்ளுகிறவர். ஊர் வைத்த பேர் நொட்டை அண்ணன். பதினொரு வருஷமாக அக்காவின் சமையலில் நொட்டை சொல்லாத நாள் கிடையாது. பூண்டு பச்சை வாடை, கறி ரப்பர், குழம்பு தண்ணி. "பிடிக்கலேன்னா உங்க வீட்லேர்ந்து கட்டிட்டு வாங்க!" என்று அக்கா ஒரு நாள் எரிந்து விழுந்த பிறகு, வாயால் சொல்வதை விட்டுவிட்டுச் சீட்டெழுதிப் புகார்ப்பெட்டியில் போட ஆரம்பித்தார். பெட்டியில் விழுகிற சீட்டெல்லாம் அவர் கையெழுத்துதான். அக்கா பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாள்.

திங்கட்கிழமை காலை, அவரை உலர்த்தும் கூடத்துக்குப் பின்னால் நிழலில் பிடித்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

"அண்ணே, எனக்கு ருசி தெரியல. ரெண்டு மாசமாச்சு. வெள்ளிக்கிழமைக்கு உங்க நாக்கு வேணும்."

அவர் கேலி செய்வார், ஊரைக் கூட்டுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அவரோ தலையை மெல்ல ஆட்டினார்.

"அதான் பார்த்தேன். முன்னெல்லாம் நீ கோபமா இருந்தா காரம் ஏறும், சந்தோஷமா இருந்தா பூண்டு ஏறும். இந்த ரெண்டு மாசமா தினமும் ஒரே மாதிரி, அச்சுல வார்த்த மாதிரி. 'ருசி பார்க்காம சமைக்கறியா, உடம்புக்கு என்னம்மா'ன்னு சீட்டு எழுதிப் போட்டேனே, படிக்கலியா?"

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "எரிச்சுட்டேன் அண்ணே" என்றாள்.

"போகட்டும் விடு. என்ன செய்யணும்?"

மறுநாளிலிருந்து தினமும் டீ இடைவேளையில் அவர் சமையலறைக்கு வந்தார். சட்டைப் பையில் சொந்த ஸ்பூன். முதல் நாள் வாயில் வைத்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"தயிர் ஒரு பக்கம் போகுது, எண்ணெய் ஒரு பக்கம் போகுது. சீரகம் பச்சையா கடிபடுது. இதை ஆடுகூட தின்னாது."

அக்காவுக்குப் பழைய கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்றாள். அதைக் கேட்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சீரகத்தை வெறும் வாணலியில் வறுத்தாள். வாசனை தெரியாததால் காதைக் கொடுத்துக் கேட்டாள். படபடப்பு அடங்கி, நிறம் மாறுகிற நேரம் பார்த்து இறக்கிப் பொடித்தாள். பூண்டை உப்போடு நசுக்கி மசிய வைத்தாள். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தாள். எட்டிலே ஒன்று சரியானால் மற்ற ஏழும் முரண்டு பிடிக்கும். புதன்கிழமை உப்பு சரியாக அமைந்தது. வியாழக்கிழமை அண்ணன் ஒரு ஸ்பூன் எடுத்தார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார்.

"என்ன அண்ணே, சொல்லித் தொலைங்களேன்!"

"இரும்மா. குறை தேடிட்டிருக்கேன்."

கிடைக்கவில்லை. அரை லிட்டர் தயிருக்கு மூன்று எலுமிச்சை, ஆக ஏழு லிட்டருக்கு நாற்பத்திரண்டு எலுமிச்சை என்று அக்கா சுவரில் பென்சிலால் கிறுக்கி வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் எழுதி வைத்த முதல் அளவு அதுதான்.

வெள்ளிக்கிழமை எல்லாம் கச்சிதமாக நடந்தது. சோள ரொட்டிகளை முக்கோணமாக நறுக்கிப் பொரித்தாள். கொத்துக்கறியை நீர் சுண்டப் புரட்டி ஆற வைத்தாள். லெட்டூஸ் இலை, தக்காளி, வெங்காயம், சிவப்பு பீன்ஸ், மக்காச்சோளம் எல்லாம் தனித்தனித் தாம்பாளத்தில். டிரெஸ்ஸிங் பெரிய வாளியில். நாற்பத்திரண்டு எலுமிச்சையை எண்ணி எண்ணிப் பிழிந்தாள்.

எண்ணினாளே தவிர, பழத்தைப் பார்க்கவில்லை. முந்தைய மூன்று நாளும் கிடைத்தது கோலிக்குண்டு மாதிரி, தடித்த தோல் பழம். அன்றைக்குக் கடைக்காரர் அனுப்பியது ஒவ்வொன்றும் முட்டையளவு, தோல் மெல்லிசு, தொட்டாலே சாறு பீறிடும். நாக்கு இருந்திருந்தால் ஒரு சொட்டிலே பிடித்திருப்பாள். டிரெஸ்ஸிங் தயாரானபோது டீ இடைவேளை முடிந்துவிட்டது, நாக்காக இருந்தவரோ உருளையை நிறுத்திவிட்டு வர முடியாது. இயந்திரம் நிற்கக்கூடாது என்பதால் அங்கே மூன்று பந்தியாகத்தான் சாப்பாடு. இஸ்திரிப் பிரிவுக்கு மூன்றாவது பந்தி.

முதல் பந்தி துவைக்கிறவர்கள். முன்னால் மேனேஜரம்மா. பன்னிரண்டு தட்டு போயிற்று. அக்கா கரண்டியைப் பிடித்தபடி முகங்களையே பார்த்தாள். மேனேஜரம்மா ஒரு வாய் வைத்தார், ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பக்கத்தில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அக்கா நிமிர்ந்து பார்த்ததும் பன்னிரண்டு பேரும் அவசரமாகச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பும் வீட்டில் புருஷன் சொன்ன 'நல்லாயிருக்கு'வும் ஒன்றுதான். அவள் பயந்ததெல்லாம் வேலை போய்விடுமே என்றுதான். இப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் போகும், பசியோடு வந்தவர்கள் வயிறும் காயும். அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு ரெண்டு மாசமா ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது. மறைச்சு மறைச்சு சமைச்சேன். தப்புதான், மேடம். வேலையை விட்டு எடுக்கறதுன்னா நாளைக்கு எடுங்க. இப்ப இன்னும் நூறு பேர் சாப்பிடணும். இதுல என்ன கோளாறு? எனக்குப் பயப்படாம சொல்லுங்க, உங்க காலைப் பிடிக்கறேன்."

துவைக்கும் பிரிவுப் பெரியம்மா ஒருத்திதான் முதலில் கையைத் தூக்கினாள்.

"புளிப்பும்மா. பல்லு கூசுது."

"ஆமாக்கா, ரொம்பப் புளிப்பு!"

"கறி சூப்பர்க்கா, சிப்ஸும் சூப்பர். அந்தத் தயிர்தான் ஆளைத் தூக்குது!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. பத்தொன்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சமையல்காரர்கள் ஆகிவிட்டார்கள். அக்கா வாளியில் தயிரைக் கொட்டினாள், தேன் விட்டாள், எண்ணெய் விட்டு அடித்தாள். வரிசையாக ஸ்பூன்கள் நீண்டன. "இன்னும் கொஞ்சம் தேன்." "போதும் போதும், பாயசமாயிடும்!" "இப்ப உப்பு ஒரு சிட்டிகை." பெரியம்மா கடைசியாக நக்கிப் பார்த்து, கண்ணை மூடி, கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

இரண்டாவது பந்தியில் தட்டுகள் வழித்துத் துடைத்தபடி திரும்பின. மூன்றாவது பந்தியில் ஆட்கள் இரண்டாம் தடவை வரிசைக்கு வந்தார்கள்.

மேனேஜரம்மா அதுவரை ஓரமாக நின்றிருந்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் போய் நின்றாள்.

"உங்களை ஏன் எடுக்கணும்?" என்றார் மேனேஜரம்மா. "பொட்டலக்காரன் யார்கிட்ட இப்படி வந்து கேட்பான்? தலைமை ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன். ஒவ்வொரு பந்திக்கும் முன்னாடி பிரிவுக்கு ஒருத்தர் வந்து ருசி பார்க்கட்டும். முதல்ல நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க. முகத்தைப் பார்த்தா ரெண்டு மாசமா சரியா சாப்பிடாத மாதிரி இருக்கு."

உண்மைதான். மண்ணைத் தின்கிற மாதிரி இருந்ததால் பாதி நாள் டீயோடு சரி. இஸ்திரிக்காரர்கள் மேஜையில் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் முன்னால் யாரோ ஒரு தட்டு நிறையப் போட்டு வைத்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவளுக்கு ஒருவர் பரிமாறுவது இதுதான் முதல் தடவை.

ஒரு வாய் வைத்தாள். மொறுமொறுவென்று சிப்ஸ் உடைவது காதில் கேட்டது. தயிரின் குளிர்ச்சி பல்லில் பட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கண் கலங்கிவிட்டது.

எதிரில் உட்கார்ந்திருந்த நொட்டை அண்ணன் அதைப் பார்த்தார். தன் தட்டிலிருந்து அவளைப் போலவே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல சோளம் இனிக்குது," என்றார். "உடனே புளிப்பு, லேசா, கன்னத்து உள்பக்கம். கறியில சீரகம் பின்னாடிதான் வருது."

"பூண்டை விட்டுட்டீங்களே" என்றது பக்கத்திலிருந்த ஒரு குரல். "பூண்டு நடுவுல வருதுக்கா."

"கடைசியா காரம். நாக்கு நுனியில இல்ல, தொண்டைக்கிட்ட."

மேஜை முழுக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அக்கா கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வேகவேகமாக மென்றாள்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்கய்யா," என்றாள். "இன்னும் முழுங்கல."