ஏலத்தில் கிடைத்த சபை

சேவலை பைக்கில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும், 'நம்ம ஸ்டாப்பிங் வந்துடுச்சு' என்று இறங்கப் பார்க்கும்.

இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெட்ரோல் டேங்க் மேல் என் மகன் ஆசீர். அவன் மடியில் கால் கட்டிய வெள்ளைச் சேவல். பின்னால் என் மனைவி ஜான்சி. அவள் மடியில் ஒரு முழுப் பூசணிக்காய் – நிறைமாதக்காரி மாதிரி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு. இந்த ஊர்வலம் பருத்திப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, கேட்டில் நின்றிருந்தார் ஹவுஸ் ஓனர் கன்னியப்பன்.

"இன்னா டேனி, சர்ச்சுக்குன்னு சொல்ட்டுத்தானே போன?"

"அங்கேர்ந்துதான் அண்ணாத்தே வர்றோம்."

"உங்க சாமி பூசணிக்காயா குடுக்குது?"

"சேவலும் குடுத்துகீது. கண்ணு தெர்ல?"

அவர் சேவலைப் பார்த்தார். சேவல் அவரைப் பார்த்தது.

"எங்க கோயில்ல வெறும் துன்னூறுதான்ப்பா" என்று பெருமூச்சு விட்டார். "அடுத்த வாட்டி என்னியும் இட்டுகினு போ."

சர்ச்சுக்குப் போனவன் எப்படிக் கோழிக்கறிக்கடை மாதிரி திரும்பி வந்தேன்? அதைச் சொல்ல வேண்டுமென்றால், நாங்கள் சர்ச் தேடிய கதையைச் சொல்ல வேண்டும்.

போன வருஷம்தான் பூந்தமல்லியிலிருந்து பருத்திப்பட்டுக்குக் குடி வந்தோம். நான் எலக்ட்ரீஷியன். வேலையெல்லாம் ஆவடிப் பக்கமே வர ஆரம்பித்துவிட்டது. வீடு தேடுவது சுலபம்... டூ-லெட் போர்டு தொங்கும், தண்ணி வருமா என்று கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெரு. சர்ச் தேடுவது அப்படியா? போர்டு எல்லாம் 'வாருங்கள்' என்றுதான் கூப்பிடும். உள்ளே தண்ணி வருமா வராதா என்று யாரைக் கேட்பது?

எனக்கென்று சில அளவுகோல்கள் உண்டு. வண்டி நிறுத்த நிழல் வேண்டும். தலைக்கு மேல் ஃபேன் வேண்டும். பிரசங்கம் முடியும்போது பிரியாணிக் கடையில் அண்டா காலியாகியிருக்கக் கூடாது. எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். 'என்ன பக்தி' என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எந்த ஃபேனில் கண்டன்சர் போயிருக்கிறது என்று பார்க்கிறேன்!

ஜான்சிக்கு ஒரே ஒரு ஆசைதான்.

"உள்ள ஒக்காரணும் மாமா. ஆரம்பத்துல இருந்து கடைசி வரிக்கும்."

இதென்ன பெரிய ஆசை என்கிறீர்களா? ஆசீரைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

ஆசீருக்கு நாலு வயசு. இன்னும் பேச்சு வரவில்லை. பயிற்சிக்குக் கூட்டிப் போகிறோம். மெதுவாக வரும் என்கிறார்கள். வரட்டும், அவசரமில்லை. அதுவரை அவனிடம் இருப்பது ஒரே சத்தம் – "பாஆஆ!" டவுன் பஸ் ஏர் ஹார்ன் தோற்றுவிடும். பசித்தாலும் அதுதான், குஷி வந்தாலும் அதுதான். அதிலும் ஒரு விசேஷம். கரையான்சாவடி கடைத்தெருவில் கொண்டுபோய் விட்டால் கம்மென்று இருப்பான். நாலு பேர் அமைதியாக உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது. அந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும்.

சரி, இந்த உலகத்தில் நாலு பேர் சேர்ந்து அமைதியாக உட்காரும் இடம் எது? நீங்கள் நினைப்பது சரிதான்.

ஜான்சி பூந்தமல்லி சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தவள். நான் அங்கே மைக் ரிப்பேர் பண்ணப் போய்த்தான் அவளைப் பார்த்தேன். நல்லா இருந்த மைக்கைத் திரும்பத் திரும்ப ரிப்பேர் பண்ணினேன் – அது வேறு கதை. அப்படிப்பட்டவள் ஒன்றரை வருஷமாக நின்ற இடம் எது தெரியுமா? வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில். உள்ளே ஜெபம் தொடங்கும். இவன் ஹார்ன் அடிப்பான். நாலு தலை திரும்பும். இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். யாரும் வெளியே போ என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டுமா என்ன... திரும்பின தலை போதாதா?

"நான் தூக்கினு போறேன், நீ ஒக்காரு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"நீ வெளிய போனா திரும்பி வருவியா? டீக்கடையில டேரா போட்டுடுவ."

அநியாயம். உண்மைதான்... இருந்தாலும் அநியாயம்.

முதலில் ஆவடியில் ஒரு பெரிய சர்ச்சுக்குப் போனோம். ஆஹா! பேஸ்மென்ட் பார்க்கிங், ஏசி, மூன்று பக்கம் ஸ்கிரீன். என் அளவுகோல்படி நூற்றுக்கு நூறு. ஆசீரும் பத்து நிமிஷம் ஸ்கிரீனைப் பார்த்து அசந்துபோய் உட்கார்ந்திருந்தான். அப்புறம் எல்லாரும் தலை குனிந்தார்கள். "பாஆஆ!" கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய ஒரு தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, பின்னாடி மதர்ஸ் ரூம் இருக்கு. கண்ணாடி ரூம். நீங்க இன்னா சத்தம் போட்டாலும் வெளிய கேக்காது."

நல்ல பையன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஜான்சி போய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இங்கிருந்து பார்த்தால் நகைக்கடை ஷோகேஸில் வைத்த மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும், "எப்டி கீது? சூப்பரா?" என்றேன்.

"சூப்பர் மாமா. செருப்பு ஸ்டாண்டுக்கு ஏசி போட்டு வச்சுகிறாங்க."

அப்போதுதான் என் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. அமைதியான இடத்தில் சத்தம் போட்டால்தானே பிரச்சினை? சத்தமான இடத்துக்கே கூட்டிப் போனால்? நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் ஒரு ஷெட்டில் சபை நடக்கிறது. கீபோர்டு, டிரம்ஸ், ஆளுயர ஸ்பீக்கர். எல்லாரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னால் எலக்ட்ரிக் ட்ரெயின் போவதுகூடக் காதில் விழாது. இந்தக் கூட்டத்தில் ஒரு "பாஆஆ" போனால் யாருக்குத் தெரியும்?

கணக்கு சரி. ஆனால் பையன் ஏமாற்றிவிட்டான். முதல் பாட்டு தொடங்கியதுமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் சட்டைக்குள் நுழைந்துவிட்டான். வெடவெடவென்று நடுங்குகிறான். ஊருக்கே ஹார்ன் அடிப்பவனுக்கு அடுத்தவன் ஹார்ன் அடித்தால் ஆகாதாம்! அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறான்.

கதை அதோடு முடிந்திருந்தால் சிரித்துக்கொண்டே வந்திருப்போம். பாஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டார். முன்னால் கூப்பிட்டு, ஆசீர் தலையில் கை வைத்து, கண்ணீரோடு ஜெபித்தார். அதில் பொய்யில்லை, நல்ல மனுஷன். கடைசியில் மைக்கில் சொன்னார்: "அடுத்த ஞாயிறு இந்தப் பிள்ளை பேசுவான். இந்தத் தாய் இதே இடத்துல நின்னு சாட்சி சொல்லுவாங்க!" சபை முழுக்க "ஆமென்" என்றது.

வீட்டுக்கு வந்து ஆசீருக்குச் சோறு ஊட்டும்போது ஜான்சி சொன்னாள்.

"அடுத்த வாரம் இவன் பேசுலன்னா, இன்னா மூஞ்சிய வச்சுகினு மாமா அங்க போயி நிக்கறது?"

அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே அவளே தொடர்ந்தாள்.

"வேணாம் மாமா. எங்கயும் போவ வேணாம். ஊட்லயே ஜெபம் பண்ணிக்கலாம். இவன் நிம்மதியா கத்தட்டும்."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்தோம். அவள் போனில் பாட்டு போட்டுவிட்டுத் துணி மடிப்பாள். கூடவே பாட மாட்டாள். அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

அப்போதுதான் பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சர்ச்சிலிருந்து எனக்கு வேலை வந்தது. அறுப்பின் பண்டிகைக்கு மைக் செட் சரி பண்ண வேண்டும். அந்தப் பண்டிகை தெரியுமல்லவா? விளைந்ததில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வளாகத்திலேயே ஏலம் விடுவார்கள். இங்கே விளைச்சல் எங்கே இருக்கிறது? வயலெல்லாம் பிளாட் ஆகி, பிளாட்டெல்லாம் ஃபிளாட் ஆகிவிட்டது. ஆனாலும் பண்டிகை நிற்கவில்லை. மாடித் தொட்டியில் காய்த்த கத்தரிக்காய், ஸ்டிக்கர்கூடப் பிய்க்காத ஆப்பிள், வீட்டில் சுட்ட முறுக்கு, கூண்டோடு கோழி என்று கொண்டுவந்து குவித்துவிடுவார்கள்.

ஜான்சியிடம் நைசாகப் பேசினேன்.

"ஆராதனைக்குப் போவ வேணாம். அது முடிஞ்சதும் ஏலத்துக்குப் போவலாம். சந்தை மாதிரி கசமுசான்னு இருக்கும். அமைதியே இருக்காது. இவன் கம்முனு இருப்பான்."

கத்தரிக்காய் வாங்கலாம் என்றுதான் கிளம்பினாள். போனதும் பழக்கதோஷத்தில் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

ஏலம் விட்டவர் செல்லதுரை அண்ணன். ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி ரிட்டயர் ஆனவர். அந்தத் தொண்டைக்கு நான் எதற்கு மைக் சரி பண்ணினேன் என்று எனக்கே புரியவில்லை. பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கினார். ஆளாளுக்கு விலை ஏற்றினார்கள். ஒரே இரைச்சல். ஆசீர் சமர்த்தாக வேடிக்கை பார்த்தான். பார்த்தாயா என்பது போல் நான் ஜான்சியைப் பார்த்தேன்.

"ஒரு தரம்..." என்றார் செல்லதுரை. "ரெண்டு தரம்..."

நிறுத்தினார்.

ஏலம் போடுகிறவர்களின் வித்தையே அந்த இடத்தில்தானே இருக்கிறது? மூணாம் தரத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம்... கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. ஐயையோ. அமைதி! எனக்கு உறைப்பதற்குள் –

"பாஆஆ!"

அத்தனை தலையும் திரும்பியது. ஜான்சி பையைத் தோளில் மாட்டிவிட்டாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஒரு கால் வைத்தேவிட்டாள்.

"ஆங்! பின்னாடி ஒரு பார்ட்டி ஏத்திக்கினாரு!" என்று செல்லதுரை கத்தினார். "இன்னா மச்சான், வுட்டுக் குடுத்துடுவியா?" – இது முன்னால் பூசணிக்காய் கேட்டவரைப் பார்த்து. அவரும் விடவில்லை, ஏற்றினார். மறுபடி ஒரு தரம், ரெண்டு தரம், நிறுத்தம்...

"பாஆஆ!"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஜான்சி மட்டும் சிரிக்காமல் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

"யம்மா! யம்மோவ்! ஏலம் கேட்ட ஆள எங்க தூக்கினு போற? பூசணிக்காய் உன்னுது. எடுத்துகினு போறதுன்னா போ. இல்லன்னா இப்டி முன்னாடி வா, இன்னும் சேவல் கீது!"

அந்தச் சர்ச் பாஸ்டரின் மனைவி, ஆயர் அம்மா, எழுந்து போய், ஜான்சி கையைப் பிடித்து இழுத்துவந்து, முன் வரிசையில் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. முறுக்கோ, கத்தரிக்காயோ, எதை ஏலம் போட்டாலும் "ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு செல்லதுரை ஆசீர் முகத்தைப் பார்ப்பார். மொத்தச் சபையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்க்கும். அவன் ஹார்ன் அடித்தால்தான் அடுத்த ஆட்டம். அவன் சத்தம் வராதா என்று ஒரு கூட்டம் காத்திருந்ததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

சேவல் கடைசியில் எங்கள் தலையில் விழுந்தது. எனக்கு அது குழம்பாகத்தான் தெரிந்தது. ஜான்சி விடவில்லை. "எம்புள்ள ஏலத்துல எடுத்தது. கத்திய எடுத்த... உனக்குத்தான் மொதல்ல."

அடுத்த ஞாயிறு – அதாவது போன வாரம் – அவளே எனக்கு முன்னால் குளித்துக் கிளம்பி நின்றாள். அதே சின்னச் சர்ச். ஃபேன் மொத்தம் நாலுதான். அதில் ஒன்று சுற்றவில்லை. பாவ அறிக்கை ஜெபத்துக்கு முன் அமைதியாக இருக்கச் சொன்னார் ஆயர். எல்லாரும் தலை குனிந்தார்கள். நான் ஃபேனைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வேண்டாம்டா, வேண்டாம்டா...

"பாஆஆ!"

ஜான்சியின் கை பைக்குப் போனது.

முன் வரிசையில் குனிந்த தலை நிமிராமலே ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "ரெண்டு தரம்..."

எங்கேயோ ஒருவர் களுக்கென்றார். ஆயரின் அங்கி தோளிலிருந்து கீழ் வரை ஆடியது. ஆனால் முகத்தை மட்டும் கெட்டியாக வைத்துக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

ஜான்சி பையைக் கீழே வைத்தாள். அடுத்த பாட்டுக்கு எழுந்து நின்று பாடினாள் – ரிப்பேர் பார்க்கப் போன மைக்கில் அன்றைக்கு நான் கேட்ட அதே குரல். முடிந்து வெளியே வந்தபோது வாசலில் பார்த்தேன். ஒன்றரை வருஷமாகச் செருப்புக்குத் துணையாக நின்றவளின் செருப்பு, அன்றைக்குத் தனியாக நின்றுகொண்டிருந்தது.

சேவல் சௌக்கியம். விடியற்காலையில் அது கூவுகிறது, ஆசீர் பதில் ஹார்ன் அடிக்கிறான், அது திரும்பக் கூவுகிறது. கன்னியப்பன் அண்ணன் நேற்று ரொம்பப் பிரியமாக வந்து கேட்டார்: "ஏன் டேனி, அந்த சர்ச்சு பக்கத்துலயே ஊடு எதுனா காலியா கீதா?"